செல்லம்மாள் வீட்டுக்காரர்

அத்தியாயம் 9

பொறாமைக்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடையாது. தனகோட்டியை அறுபது வயதில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, பஸ்ஸை விட்டு இறக்கி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குள் இருந்த பொறாமை அதற்குப் பிறகுதான் டியூட்டிக்கே வந்தது.

போன வாரம் ஒரு தனியார் காலேஜில் பஸ் ஓட்டும் வேலை கேட்டுப் போய் வாசல் கேட்டோடு திரும்பி வந்தாரே, அந்தக் கதையை அவர் இன்னும் வீட்டில் சொல்லவில்லை. "வயசான காலத்துல எதுக்கு பெரியவரே இதெல்லாம்? வூட்ல ரெஸ்ட் எடுங்க" என்று சொன்ன மேனேஜருக்கு, சென்னையில் இருக்கும் அவருடைய மகன் பார்த்திபன் வயதுதான் இருக்கும். எங்கே போயிருந்தாய் என்று செல்லம்மாள் கேட்டதற்கு, சும்மா காற்றாட நடந்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவைத்தார்.

அந்த வயசான காலம் செல்லம்மாளுக்கும்தான் வந்திருக்கிறது. அவளுக்கு ஐம்பத்தேழு. ஆனால் அவளைப் பார்த்து ரெஸ்ட் எடு என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. அவர் ஓய்வு பெற்ற வருஷம் பொழுது போகாமல் அவள் ஆரம்பித்த சமையல் ஆர்டர், இன்றைக்கு ஊரறிந்த தொழில். மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்க அமாவாசைக்கு அமாவாசை சென்னையிலிருந்து ஆட்களை அழைத்து வரும் ஜெயராமன், செஞ்சியில் பஸ்ஸை நிறுத்தி மதியச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டுதான் மேலே போவார். இரண்டு பஸ் ஜனத்துக்கு செல்லம்மாள் கைச் சோறு. கூடமாட வேலைக்குத் தெருவிலிருந்து சுமலதாவும் நாகம்மாளும்.

போன மாதம் மொபெட் வேறு வாங்கினாள். முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் நான் கற்றுக் கொடுக்கிறேன் என்று போய் நின்றார். "நீ திட்டினே இருப்ப. நான் சுமலதாகிட்டயே பழகிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். கோட்டை அடிவாரத்தில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை கடைத்தெரு வரைக்கும் ஓட்டிப் போய் கொத்தமல்லி வாங்கி வந்தாள். அந்த மொபெட் இப்போது வாசலில் அவருடைய நாற்காலி இருந்த இடத்தில் நிற்கிறது. நாற்காலி கொல்லைப்புறம் போய்விட்டது. நாற்காலியோடு சேர்ந்து அவரும்.

இன்றைக்கு அமாவாசை. விடிந்ததும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் தனகோட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனார். ஸ்பெஷல் பஸ்கள் வரிசை கட்டி நின்றன. கூட்டத்தைப் பார்த்ததும் அவருடைய வலது கால் தானாக பிரேக் மிதிக்கிற மாதிரி அழுந்தியது. புதிதாக வந்த டீ மாஸ்டர் அவரைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்க வாங்க. செல்லம்மாக்கா வூட்டுக்காரர்தானே? அக்கா வெச்ச காரக்கொழம்பு எங்க தங்கச்சி கல்யாணத்துல சாப்ட்டேன். அடடா!"

இதே பஸ் ஸ்டாண்டில் 'டிரைவரண்ணே' என்று கூப்பிட ஆள் நிற்கும். அவர் ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்வார்கள். இப்போது அவர் செல்லம்மாக்கா வீட்டுக்காரர். டீ பாதியிலேயே கசந்துவிட்டது. வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டுக்கு வந்தால் அங்கே அதற்கு மேல். கொல்லைக் கொட்டகையில் இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. நடுவில் செல்லம்மாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"சுமலதா, துவரம்பருப்பு இன்னும் குழையல, இன்னா அவசரம்? நாகம்மா, நீ உருளைக்கெழங்க உரி. அரிசிய இப்பவே களையாத. அவங்க ஒரு மணிக்குத்தான வர்றாங்க, சூடா போட்டுக் குடுப்போம்."

கல்யாணமான புதிதில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றவள். இந்தக் குரல் எப்போது வந்தது? இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாள்? தனகோட்டிக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் எரிந்த விறகுக்குச் சமமாக எரிந்தது என்று சொன்னாலும் தப்பில்லை.

"நானு எதனா செய்யட்டுமா?" என்று கேட்டார். கேட்ட தொனியில் கொஞ்சம் கிண்டல் இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் கெஞ்சலும் இருந்தது. செல்லம்மாளுக்குக் கிண்டல் மட்டும்தான் கேட்டது.

"ஒன்னும் வாணாம். என் போனு ஜன்னல்ல சார்ஜ்ல இருக்குது. வந்தா எடுத்துப் பேசு, போதும். நான் இலை எடுத்துகினு வந்துடறேன்."

மொபெட் கிளம்பிப் போயிற்று. தெருமுனையில் யாருக்கோ கையாட்டிவிட்டு வேறு போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தனகோட்டி எடுத்தார்.

"அம்மா இருக்காங்களா? ஜெயராமன் பேசறேன்."

"வெளிய போயிருக்குது."

"நீங்க அங்க வேலை செய்யற பெரியவரா? சரி, அம்மாகிட்ட மறக்காம ஒரு விஷயம் சொல்லிடுங்க. சாயங்காலம் கூட்டம் தாங்காதுன்னு சீக்கிரமே கிளம்பிட்டோம். ஒரு மணிக்கு இல்ல, பதினோரு மணிக்கெல்லாம் பஸ் செஞ்சிக்கு வந்துடும். நான் அர்ச்சனை ஏற்பாட்டுக்குக் கார்ல நேரா கோயிலுக்குப் போயிடறேன். சொல்லிடுவீங்களா பெரியவரே?"

"சொல்றேன்" என்றார் தனகோட்டி. போனை வைத்தார்.

வேலை செய்யற பெரியவர்! சொந்த வீட்டில், தன் கையால் கல் சுமந்து கட்டிய வீட்டில், வேலை செய்கிற பெரியவர். டீ மாஸ்டராவது வீட்டுக்காரர் என்றான்.

சத்தியமாக, மறைக்க வேண்டும் என்று அவர் அப்போது முடிவெடுக்கவில்லை. ஜன்னலோரமே நின்றுகொண்டிருந்தார். மொபெட் சத்தம் கேட்டது. செல்லம்மாள் இலைக்கட்டோடு உள்ளே நுழைந்து, அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், போகிற போக்கில் கேட்டாள்.

"யார்னா போன் பண்ணாங்களா?"

"இல்லயே."

அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை. வாயை விட்டுப் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் இவள் தடுமாறட்டுமே, அப்போது யாரைத் தேடுகிறாள் என்று பார்ப்போமே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. தனகோட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, பேப்பரைப் பிரித்து, படிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

சொன்னபடி பதினோரு மணிக்கு இரண்டு பஸ்ஸும் தெருமுனை மெயின் ரோட்டில் வந்து நின்றன. மஞ்சள் சேலையும் வேப்பிலையுமாக ஜனம் இறங்கியது. கூட வந்த ஒரு பையன் வீட்டுக்கே ஓடி வந்தான்.

"சாப்பாடு ரெடியாம்மா?"

செல்லம்மாள் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஒரு மணிக்குன்னாங்களேப்பா?"

"டைம் மாத்திட்டோம்னு போன்ல சொல்லியாச்சுன்னு ஜெயராமன் சார் சொன்னாரே."

"எங்கிட்டயா? எங்கிட்ட யாரும்..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். "விடியக்காலம் பேசனாரு. எத்தினி பேருன்னு சொன்னாரு. அப்பவா சொன்னாரு?"

ஜெயராமனுக்குப் போன் போட்டாள். அமாவாசைக் கூட்டத்தில் மேல்மலையனூரில் டவர் எங்கே கிடைக்கும்? லைன் போகவில்லை. அரிசி அப்போதுதான் உலையில் விழுந்திருந்தது. சாம்பாருக்கு இன்னும் புளிகூடக் கரைக்கவில்லை.

ரோட்டில் போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டே வந்தார். அமாவாசையன்று இங்கே பஸ்ஸை நிறுத்தக் கூடாது, எடு எடு என்றார். விரதம் இருந்து வந்த ஜனம் பசியோடு திரும்ப ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்த ஒரு அம்மாள் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"முடியலன்னா எதுக்கும்மா ஒத்துக்கறீங்க? வயசான காலத்துல வீட்ல இருக்க வேண்டியதுதானே?"

தனகோட்டிக்குச் சுருக்கென்றது. காலேஜ் மேனேஜர் சொன்ன அதே 'வயசான காலத்துல'.

பஸ்கள் போய்விட்டன. செல்லம்மாள் கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் எதிர்பார்த்த தடுமாற்றம் வந்துவிட்டது. ஆனால் அவள் அவரைத் தேடவில்லை, யாரையும் திட்டவில்லை. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சுமலதா, ஜெயராமன் சாரு சொல்லித்தான் இருப்பாரு. என் புத்தியில நிக்கல. எங்கம்மாவுக்கும் இப்டித்தான் ஆரம்பிச்சுது" என்றாள். "மொதல்ல அடுப்புல பால வெச்சுட்டு மறந்துச்சு. கடைசியில நான் யாருன்னே தெரியல அதுக்கு."

"அதெல்லாம் இல்லக்கா" என்றாள் சுமலதா. அவள் குரலிலும் தைரியம் இல்லை.

தனகோட்டி எழுந்தார். அவள் கோபப்படுவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்திருந்தார். பயப்படுவாள் என்று நினைக்கவில்லை. மொபெட்டிலிருந்து விழுந்தபோதுகூட முட்டியைத் தட்டிக்கொண்டு சிரித்தவள். அவளைப் பயந்த முகத்தோடு பார்க்க அவரால் முடியவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும். அவர் சொன்னது வேறு.

"நீ சோத்த வடி. ஆக்கி முடிச்சு அண்டாவ மூடு. மலையனூருக்கே கொண்டு போயிடலாம். பஸ்ஸுக்கு நான் பொறுப்பு."

அதன் பிறகு தனகோட்டிக்குப் பழைய கால் வந்துவிட்டது. அமாவாசையன்று செஞ்சியில் ஆட்டோவோ வேனோ வாடகைக்குக் கிடைக்காது, எல்லாம் விடிவதற்குள் மலையனூர் சவாரிக்குப் போயிருக்கும்; ஸ்பெஷல் பஸ்தான் வழி. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். வளத்தி வழியாக மேல்மலையனூர் போகும் வண்டியின் ஸ்டியரிங்கில் அன்புச்செல்வன் உட்கார்ந்திருந்தான். புதிதாக வேலைக்கு வந்தபோது தனகோட்டியோடு லைனுக்குப் போய் வழி பழகினவன்.

"டிரைவரண்ணே! எப்டி இருக்கீங்க?"

அந்த 'டிரைவரண்ணே'வுக்காக அவர் எத்தனை மாதம் ஏங்கியிருந்தார்! இன்றைக்குப் பார்த்து அது காதில் விழுந்தும் இனிக்கவில்லை.

"அன்பு, ரெண்டு அண்டா சோறு இருக்குது. சாமி கும்புட வந்த ஜனம் பட்டினியா இருக்குது. பின்னாடி சீட்ல ஏத்திக்கறேன், வாணாம்னு மட்டும் சொல்லாத."

"அடுத்த டிரிப்புல ஏத்திக்கலாம்ணே. நீங்க கொண்டாங்க, கண்டக்டர நான் பாத்துக்கறேன்."

அண்டாக்கள் ஏறின. தயிர்ச் சாதம் ஒன்றில், சாம்பார் சாதம் ஒன்றில், உருளைக்கிழங்கு தனி வாளியில். பஸ்ஸில் நிற்க இடமில்லை. அந்த நெரிசலிலும் செல்லம்மாள் பக்கத்து சீட்டில் தன் பையை வைத்து, "ஆளு வருது, ஆளு வருது" என்று சண்டை போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். அவர் உட்கார்ந்ததும் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வளத்தி தாண்டும்வரை எடுக்கவில்லை.

ஊருக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் மைதானத்தில் ஜெயராமன் குழு புங்க மரத்தடியில் வாடிப்போய் உட்கார்ந்திருந்தது. இலை போட்டார்கள். தனகோட்டி சட்டைக் கையை மடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினார், சாதம் தூக்கினார், குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கை அள்ளி வைத்தார். பஸ் ஜன்னலிலிருந்து கத்திய அம்மாள் செல்லம்மாளிடம் இரண்டாம் முறை இலையை நீட்டினாள்.

"கோச்சுக்காதம்மா. பசி மயக்கத்துல பேசிட்டேன். இந்தக் கைக்கு வைர வளையல் போடணும்."

நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் தனகோட்டிக்குள் ஒரு மூலையில் சுருக்கென்று குத்தியது. அண்டா தூக்கி வந்தவன் கையை ஒருத்தி பார்த்தாளா? மனுஷப் பிறவியை என்ன சொல்வது!

பந்தி ஓய்ந்ததும் செல்லம்மாள் அவருக்கு இலை போட்டாள். சுமலதா, நாகம்மாள் காதில் விழும்படி சொன்னாள்.

"இந்த மனுசன் இல்லன்னா இன்னிக்கு என் மானம் போயிருக்கும்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அவர் காலையில் அந்த 'இல்லயே'யைச் சொன்னார். கிடைத்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, மகன் பேரைச் சேர்த்து அவரைக் கூப்பிட்டாள். "பார்த்தி நைனா, இன்னியோட நிறுத்திக்கிறேன். மறதி வந்துட்ட பொம்பள நெருப்புகிட்ட நிக்கக் கூடாது. மொபெட்டயும் வித்துடலாம். நீ வாசல்ல நாற்காலி போட்டுக்கோ."

நாற்காலி, வாசல், அடுப்படியில் பழைய செல்லம்மாள் - எல்லாமே திரும்பக் கிடைக்கப்போகிறது. இப்போது சொல்லிவிட வேண்டும். தனகோட்டி வாயைத் திறந்தார். பக்கத்தில் நாகம்மாள் இன்னும் அவரையே மெச்சிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை இன்னும் ஒரு நிமிஷம் வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த ஒரு நிமிஷத்தில்தான் ஜெயராமன் வந்து சேர்ந்தார்.

"என்னம்மா இப்படி ஆகிப்போச்சு? டைம் மாத்தினத காலையிலயே போன் பண்ணி சொன்னேனே! உங்ககிட்ட வேலை செய்யற ஒரு பெரியவர் எடுத்தார். சொல்றேன்னாரே?"

செல்லம்மாள் நிமிர்ந்தாள். வேலை செய்கிற பெரியவர் என்று அவளிடம் யாரும் இல்லை. அவள் ஜெயராமனைப் பார்க்கவில்லை. இலையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்த தனகோட்டியைப் பார்த்தாள். அவர் தலை தானாகக் குனிந்தது. அது போதுமாக இருந்தது அவளுக்கு.

காலையிலிருந்து அவள் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பயம் போன இடத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தார். எதுவும் வரவில்லை.

"அவரு எங்க வூட்டுக்காரர் சார்" என்றாள். "அவரு சொன்னாரு. வேலை மும்முரத்துல என் காதுலதான் ஏறல."

ஜெயராமன் பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ சார், மன்னிச்சிடுங்க. தெரியாம வேலைக்காரர்னு நெனச்சுட்டேன்."

மன்னிப்பும் கிடைத்துவிட்டது. தனகோட்டிக்கு இலையோடு எழுந்து எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது.

"அடுத்த அமாவாசைக்கும் நீங்கதானேம்மா?"

"நாங்கதான் சார். எனக்கு ஞாபகம் நல்லாத்தான் இருக்குது."

திரும்பும்போதும் அன்புச்செல்வன் வண்டிதான். கூட்டமெல்லாம் எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருந்ததால் பஸ்ஸில் இடம் தாராளமாக இருந்தது. செல்லம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தனகோட்டி பக்கத்தில் உட்காரக் குனிந்தபோது, காலி அண்டாவைத் தூக்கி அந்த சீட்டில் வைத்தாள். சத்தமில்லாமல், நிதானமாக, உருளாமல் பார்த்து வைத்தாள்.

பின்னால் எத்தனையோ சீட் காலியாக இருந்தது. தனகோட்டி போய் உட்காரவில்லை. மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றார்.

"செல்லம்மா..."

அவள் திரும்பவில்லை.

"புத்தி கெட்டுப் போச்சு. வயித்தெரிச்சல்."

"யாரு மேல?"

"உம்மேலதான்."

சொல்லிவிட்டார். அறுபது வயதுக்கு மேல் பெண்டாட்டியிடம் இதைச் சொல்ல எந்த ஆம்பிளைக்கு வாய் வரும்? வளத்தி வந்து போனது.

"என்னைத் திட்டியிருந்தா பொறுத்துக்குவேன்" என்றாள் கடைசியில். "எம்புத்தி மேலயே எனக்கு சந்தேகம் வர வெச்சிட்டியே. எங்கம்மா பட்ட பாட்ட நீயும் கூட இருந்து பாத்தவன்தானே?"

அவள் பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்து, அண்டாவுக்கு மேலாக நீட்டினாள்.

"இந்தா. இனிமே ஆர்டர் போனெல்லாம் நீயே எடு."

"எங்கிட்ட எதுக்கு?"

"உனக்குத்தான் காது நல்லா கேக்குதே."

தனகோட்டி வாங்கிக்கொண்டார். முப்பது வருஷம் ஐம்பது அறுபது உயிரைச் சுமந்து ஓட்டிய கைக்கு அந்தச் சின்னப் போன் கனத்தது. செஞ்சிக் கோட்டை மலைகள் தெரியத் தொடங்கியபோது அது அடித்தது. அவர் செல்லம்மாளைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கமே இருந்தாள். அவருடைய மூக்குக்கண்ணாடி வீட்டில் இருந்தது. யார் பெயர் என்று படிக்க முடியவில்லை. காதில் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அலோ. செல்லம்மா வூட்டுக்காரன் பேசறேன்."

காலையில் டீயைக் கசக்க வைத்த அதே வார்த்தை. இப்போது தன் வாயால் சொன்னதும் அது அப்படியொன்றும் கசக்கவில்லை. ஜன்னல் பக்கம் இருந்த முகம் கொஞ்சமாகத் திரும்பிற்று.

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நைனா? நீயா எடுத்த? நல்லதாப் போச்சு. நான் பார்த்திபன். ஒரு பெரிய சிக்கல் ஆயிடுச்சு நைனா. ஒன்கிட்ட மட்டும் சொல்றேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத."

"யாரு போன்ல?" என்று கேட்டாள் செல்லம்மாள்.